விளக்குகள் தரையைப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் வாசகர் கடிதங்கள் பகுதியில், மதுரை நத்தம் சாலையின் புதுக் குடியிருப்புகளில் வெளிச்சம் போதவில்லை, ஒவ்வொரு முக்கிலும் உயர்கோபுர மின்விளக்கு வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். வேலை முடிந்து இரவு வரும் மகளை பஸ் ஸ்டாப்பில் காத்திருந்து கூட்டிப் போகிற ஓர் அப்பாவின் கடிதம் அது. அவர் கவலையை நான் முழுதாக ஏற்கிறேன். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். ஆனால் இதே பகுதியில் முப்பது வருடமாக வயரிங் வேலை செய்கிறவன், தெருவிளக்கு மாட்டுகிறவன் என்ற முறையில், அந்தக் கடிதத்தில் விட்டுப்போன ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். எத்தனை விளக்கு மாட்டுகிறோம் என்பதைவிட, மாட்டிய விளக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது, என்ன நிறத்தில் எரிகிறது, எத்தனை மணி வரை எரிகிறது என்பது பெரிய விஷயம். இன்னொரு காரணமும் உண்டு. பகலில் நான் விளக்கு மாட்டுகிறேன். ராத்திரியில் வானம் பார்க்கிறேன். இருபது வருடமாக இந்த இரண்டும் என் கண் முன்னால் ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்கின்றன.

எங்கள் ஊர் ஊமச்சிகுளம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் நெல் வயல் இருந்தது. பெரியாற்றுத் தண்ணீர் கண்மாய்க்கு வந்து, அங்கிருந்து முறை வைத்துத் திறந்துவிடுவார்கள். எங்கள் முறை பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு அப்பா பின்னாலேயே வரப்பில் நடப்பேன். அப்பாவிடம் கடிகாரம் கிடையாது. கார்த்திகை மாதம் ஆறாமீன் கூட்டம் உச்சிக்கு வந்தால் நடுச்சாமம் என்பார். மடையை அடைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டிய நேரம் அது. திருமண மந்திரத்தில் வரும் அருந்ததி எது, திருவாதிரை எது என்றெல்லாம் அவர் எனக்குக் காட்டியது வரப்பில் குத்தவைத்துத்தான். அவர் பள்ளிக்கூடம் போனவர் இல்லை.

1986 ஏப்ரல் தொடக்கத்தில், எனக்குப் பதினொரு வயது, விடியற்காலை நான்கு மணிக்கு அப்பா எழுப்பினார். களத்துமேட்டில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். தெற்கே, மதுரை இருக்கும் திசையில், பிய்த்துப் போட்ட பஞ்சு மாதிரி ஒன்று தெரிந்தது. ஹாலி வால்நட்சத்திரம். எழுபத்தாறு வருடத்துக்கு ஒருமுறை வருவது. இன்று அதை நினைக்கும்போது எனக்கு வால்நட்சத்திரத்தைவிட ஆச்சரியமாக இருப்பது அது தெரிந்த திசைதான். எங்கள் ஊரிலிருந்து தெற்கே பார்த்தால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் மதுரை மாநகரம். அன்றும் அங்கே லட்சக்கணக்கான பேர் இருந்தார்கள், விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் அதன் தலைக்கு மேலே அந்தப் பஞ்சுத் துணுக்கு வெறும் கண்ணுக்குத் தெரிந்தது.

மதுரையில் பிறந்தவர்களுக்கு வானம் விஷயத்தில் ஒரு பாக்கியம் உண்டு, அது பலருக்குத் தெரியாது. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் பத்து டிகிரியில் இருக்கிறோம். அதனால் வடக்கே துருவ நட்சத்திரமும் தெரியும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அடிவானத்திலிருந்து ஒரு முட்டி உயரம். தெற்கே தென்சிலுவை என்ற விண்மீன் கூட்டமும் தெரியும். டெல்லிக்காரர்களுக்குத் தென்சிலுவை அடிவானத்தை ஒட்டி ஊர்ந்துவிட்டுப் போய்விடும். நமக்கு இருபது டிகிரி உயரத்தில் நிமிர்ந்து நிற்கும். அதற்கும் மேலே ஒமேகா சென்டாரி என்று ஒன்று இருக்கிறது. வெறும் கண்ணுக்கு மங்கலான ஒரு புள்ளி. உள்ளே சுமார் ஒரு கோடி விண்மீன்கள் உருண்டையாகத் திரண்டு கிடக்கின்றன. அதிலிருந்து வெளிச்சம் இங்கே வந்து சேர ஏறத்தாழ 17,000 வருடம் ஆகிறது. வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த அதே எட்மண்ட் ஹாலி, தெற்கே செயின்ட் ஹெலினா தீவுக்குக் கப்பலில் போய், இது சாதாரண விண்மீன் இல்லை என்று 1677இல் குறித்துவைத்தார். ஐரோப்பாவில் பெரும்பாலானவர்கள் இதைக் காண ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். நமக்கு சித்திரை, வைகாசியில் இரவுச் சாப்பாடு முடித்துவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினால் போதும். போதும் என்று இருந்தது.

2006இல் வீடு கட்டினேன். அந்த வருடம்தான் மகள் பிறந்தாள். 2008இல் எட்டு இஞ்ச் தொலைநோக்கி ஒன்று செய்தேன். கண்ணாடியை மட்டும் வெளியூரிலிருந்து வரவழைத்து, குழாயும் பிளைவுட் தாங்கியும் நானும் எங்கள் தெரு ஆசாரியும் சேர்ந்து செய்தோம். டாப்சோனியன் என்பார்கள், மோட்டார் கிடையாது, கையால் தள்ளித் திருப்புவதுதான். அதில் முதலில் பார்த்தது ஒமேகா சென்டாரி. மொட்டைமாடியில், நம் தலைக்கு மேலே இருக்கும் பொருளைப் பார்த்தபோது என் கை நடுங்கியது நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டு எழுதிவருகிறேன். மாசி மாத அமாவாசையை ஒட்டி, ஒன்பது மணிக்கு, வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தின் நான்கு மூலைகளுக்கு உள்ளே வெறும் கண்ணுக்கு எத்தனை விண்மீன் தெரிகிறது என்று எண்ணுவது. உலகம் முழுவதும் வானம் பார்ப்பவர்கள் இருட்டை அளக்க இப்படி எண்ணுவது உண்டு. 2008இல் 16. 2013இல் 13. 2019இல் 9. 2024இல் 6. எனக்கு வயதாகிக் கண் மங்கியிருக்கலாம் என்று சந்தேகப்பட்டு மகளையும் எண்ணச் சொன்னேன். அவளுக்கு 7 கிடைத்தது.

2023 தொடக்கத்தில் ஓர் ஆய்வு வெளிவந்தது. உலகின் பல நாடுகளில் சாதாரண மக்கள் 2011 முதல் 2022 வரை அனுப்பிய ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான கணக்குகளை வைத்து, வானத்தின் வெளிச்சம் வருடத்துக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதாவது எட்டு வருடத்துக்குள் இரட்டிப்பு. அவர்களே ஓர் உதாரணம் சொன்னார்கள்: ஒரு குழந்தை பிறக்கும்போது அந்த ஊரில் 250 விண்மீன் தெரிந்தால், அந்தக் குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும்போது 100தான் தெரியும். நான் அதைப் படித்தபோது என் மகளுக்குப் பதினேழு.

எங்கள் பக்கம் மாற்றம் வேகமெடுத்தது நத்தம் சாலைப் பறக்கும் பாலத்துக்குப் பிறகு. 2023 ஏப்ரலில் திறந்தார்கள். ஏழு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். தல்லாகுளம் பக்கம் ஏறினால் செட்டிகுளத்தில் இறங்கிவிடலாம். நல்ல பாலம், எங்களுக்கு ரொம்ப உதவி. ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது அதன் அருமை தெரியும். பாலம் வந்ததும் நிலத்தின் விலை ஏறியது. நெல் வயல் மனையானது. கல் ஊன்றி, தார் ரோடு போட்டு, முகப்பில் வளைவு கட்டி, விளக்கு மாட்டக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களில் ஒருவரின் மனையில் நடந்ததைச் சொல்கிறேன்.

நாற்பது மனை. ஒரு வீடுகூடக் கட்டவில்லை. அதற்கு 24 ஃப்ளட் லைட், ஒவ்வொன்றும் 100 வாட், வெள்ளை. தரையைப் பார்க்கிற மாதிரி மாட்டிக்கொண்டிருந்தேன். உரிமையாளர் வந்து, "தூக்கி வைங்க, மெயின் ரோட்டுல போறவன் கண்ணுல அடிக்கணும்" என்றார். நான் தூக்கி வைத்தேன். கூலியும் வாங்கிக்கொண்டேன். அன்று ராத்திரி மொட்டைமாடிக்கு ஏறியபோது, முந்நூறு மீட்டர் தள்ளி எரிந்த விளக்கில் என் நிழல் தண்ணீர்த் தொட்டி மேல் விழுந்திருந்தது. கையைத் தூக்கினேன், நிழலும் தூக்கியது. என் கையாலேயே மாட்டிய விளக்கு. அந்த ராத்திரி தொலைநோக்கியின் மூடியை நான் கழற்றவே இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 விளக்கு, 100 வாட், பன்னிரண்டு மணி நேரம். ஓர் இரவுக்கு 28.8 யூனிட். வருடத்துக்குப் பத்தாயிரம் யூனிட்டுக்கு மேல். யாரும் குடியில்லாத இடத்துக்கு. ஒரு ஃப்ளட் லைட் வாங்குகிற பணத்தில் ஒரு டைமர் வாங்கி, மனை பார்க்க ஆள் வராத நேரத்தில் அணைத்துவிடலாம். அதை அவரிடமும் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார்.

சரி, விளக்கின் நிறத்துக்கு வருகிறேன். முன்பு தெருவில் மஞ்சளாக எரிந்தது சோடியம் விளக்கு. இப்போது எல்.இ.டி. மின்சாரம் மிச்சம், ஆயுள் அதிகம், எனக்கும் ஏணி ஏறுகிற வேலை குறைவு. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. பிரச்சினை நாம் கேட்டு வாங்குகிற நிறத்தில். கடையில் போய் நின்றால் "நல்லா பளிச்சுன்னு வெள்ளையா குடுங்க" என்கிறோம். டப்பாவில் 6500 கெல்வின் என்று போட்டிருக்கும். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கு ஓர் அளவு, எண் கூடக் கூட நீலம் கூடும். அந்த வெள்ளையில் நீலம் அதிகம். பகலில் வானம் ஏன் நீலமாக இருக்கிறதோ, அதே காரணத்தால் அந்த நீல வெளிச்சம் காற்றில் பட்டு நாலாபக்கமும் சிதறி, ராத்திரியில் வானம் முழுக்கப் பரவுகிறது. டப்பாவில் 3000 கெல்வின் அல்லது அதற்குக் குறைவாகப் போட்டிருப்பதை வாங்கினால் மஞ்சள் கலந்த வெளிச்சம் கிடைக்கும். ஒரே கம்பெனி விளக்கில் இரண்டு நிறத்துக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி அந்த அப்பாவின் கடிதத்துக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் அவர் பயம் உண்மையானது. எதிரே கண்ணில் அடிக்கும் வெள்ளை விளக்கு ஒன்று எரியும்போது அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எதுவும் தெரியாது. நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும்; கூசும் விளக்கு ஒன்று அதை ஒரு நொடியில் கெடுத்துவிடும். கம்பத்துக்குப் பக்கத்தில் ஒருவன் நின்றால் கண் கூசித் தெரியாமல் போகும். அதே வாட்டில், விளக்கின் முகத்தைத் தரைக்கு நேராகக் குனியவைத்து, ஒரே ஒரு பெரிய கோபுரத்துக்குப் பதிலாக இருபத்தைந்து முப்பது மீட்டருக்கு ஒரு சிறு கம்பமாக நட்டால், தெரு முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம் விழும். எதிரே வருபவரின் முகம் தெரியும். எங்கள் தெருவில் ஊராட்சி உறுப்பினரிடம் கேட்டு, மூன்று கம்பங்களின் விளக்குகளை நானே குனியவைத்தேன். இரண்டு போல்ட்டைத் தளர்த்தித் திருப்பி இறுக்க வேண்டும். ஒரு விளக்குக்குப் பத்து நிமிடம். மறுநாள் எதிர்வீட்டு அக்கா, "புது லைட்டா தம்பி? வாசல் நல்லாத் தெரியுதே" என்றார்கள். அதே பழைய விளக்குதான்.

வயல் மிச்சமிருக்கிறவர்களுக்கு இன்னொரு சேதி. நெல் குறும்பகல் பயிர் வகையைச் சேர்ந்தது. பல ரகங்கள் ராத்திரியின் நீளத்தை அறிந்துதான் கதிர் தள்ளும். எங்கள் கண்மாய்க்குக் கீழே ஒருவர் வயலில், மனையின் விளக்கு விழுகிற ஒரு துண்டு மட்டும் மற்ற இடம் பழுத்த பிறகும் பச்சையாகவே நின்றது. அறுவடை இயந்திரம் வந்து நின்றபோது அந்தத் துண்டை விட்டுவிட்டு அறுத்தார்கள். வாய்க்கால் ஓரத்தில் மின்மினி பார்த்துப் பல வருடம் ஆகிறது. அதற்கு மருந்து அடிப்பதும் காரணமாக இருக்கலாம். ஆனால் ஒளி காட்டித் துணை தேடுகிற பூச்சி, எங்கும் ஒளியாக இருந்தால் என்ன செய்யும்?

பாலம் வருவதற்கு முன்பே மொட்டைமாடி கைவிடத் தொடங்கியிருந்தது. அப்போதே நான் இருட்டைத் தேடி அலைய ஆரம்பித்தேன். ஆம்னி வேனில் பின் சீட்டை எடுத்துவிட்டு, பகலில் ஏணியும் வயரும், அமாவாசை ராத்திரியில் தொலைநோக்கியும். முதலில் பக்கத்தில், பாலமேட்டைத் தாண்டி சாத்தையாறு அணைக்கரை. வடக்குப் பக்கம் மலை, இருட்டு நன்றாக இருக்கும். ஆனால் தெற்கே திரும்பினால் அலங்காநல்லூருக்கு அப்பால் மதுரையின் வெளிச்சம் வெள்ளைப் படுதா மாதிரி எழுந்து நிற்கும். எனக்கு வேண்டியது தெற்கு வானம். நகரத்துக்கு வடக்கே எவ்வளவு தூரம் போனாலும் நகரம் தெற்கேதான் இருக்கும் என்பது எனக்கு உறைக்க நான்கு பயணம் ஆயிற்று. புதிதாக வானம் பார்க்க வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்: மதுரைக்குத் தெற்கிலோ தென்மேற்கிலோ போங்கள், நகரத்தை முதுகுக்குப் பின்னால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் திருமங்கலம் தாண்டிப் பேரையூர், சாப்டூர் பக்கம் போகத் தொடங்கினேன். மேற்கே சதுரகிரி மலை மதில் மாதிரி நிற்கிறது, அதற்கு அங்கிட்டு காடு. வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். காட்டுக்குள் ராத்திரியில் போகக்கூடாது, போகவும் இல்லை. வெளியே, ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டு, ஒரு கண்மாய்க்கரையில் வேனை நிறுத்திக்கொள்வேன். வானத்தின் இருட்டை ஒன்பது படிகளாகப் பிரித்து ஓர் அளவுகோலை 2001இல் ஜான் போர்ட்டில் என்பவர் வெளியிட்டார். ஒன்று மிகவும் இருட்டு, ஒன்பது நகரத்தின் நடு. என் கணிப்பில் எங்கள் மொட்டைமாடி இன்று ஏழு. அந்தக் கண்மாய்க்கரை நான்கு. அங்கே பால்வீதி தெரியும். மாசியில் விடியற்காலை தெற்கே விருச்சிகத்தின் கொடுக்கு வரைக்கும் அது இறங்கி வருவதைப் பார்க்கலாம். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டிக்கொண்டு போவேன். சிவப்பு வெளிச்சம் கண்ணின் பழக்கத்தைக் கெடுக்காது.

2022 சித்திரையில் ஒரு ராத்திரி, அந்தக் கண்மாய்க்குள் ஆடு மேய்க்கிற கீதாரி ஒருவர் கிடை போட்டிருந்தார். ராமநாதபுரம் பக்கத்து ஆள், எழுபது வயதிருக்கும். சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத் தடியோடு வந்தார். யார், எவர் என்று கேட்டார். சொன்னேன். தொலைநோக்கியை ஒமேகா சென்டாரி மேல் வைத்து, "பாருங்கய்யா" என்றேன். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணை எடுக்காமலே, "கம்பைக் களத்துல கொட்டிவிட்ட மாதிரி கெடக்கு தம்பி" என்றார். எத்தனையோ புத்தகங்களில் அதன் வருணனையைப் படித்திருக்கிறேன், இதைப்போல ஒன்று எனக்குக் கிடைத்ததில்லை. அவருக்கும் ஆறாமீன் தெரியும், விடிவெள்ளி தெரியும். ஆட்டை ஓட்டிக்கொண்டு ஒவ்வொரு வருடமும் இந்த வழியாக நடப்பவர். "முன்ன ஊருக்கு ஊர் இருட்டு கெடக்கும், எந்த ஊரு எங்க இருக்குன்னு நாய் கொலைக்கிறத வச்சுத்தான் தெரியும். இப்ப பத்து மைலுக்கு முன்னாடியே வானத்துல தெரியுது" என்றார். ரோட்டோர விளக்குக்குப் பக்கத்தில் கிடை போட்டால் ஆடு படுக்காமல் நின்றுகொண்டே இருக்கும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

போன மாசியில் அதே கண்மாய்க்குப் போனேன். கரையின் கிழக்கே தென்னந்தோப்பு ஒன்றைச் சுற்றிப் புதிதாக வேலி, வேலி முழுக்க விளக்கு. முகம் வானத்தைப் பார்த்து.

நம் நாட்டில் ஒலிக்கு 2000ஆம் ஆண்டிலிருந்தே விதிகள் இருக்கின்றன. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு. ஒளிக்கு அப்படித் தனிச் சட்டம் எதுவும் இல்லை. பிரான்சில் 2018 இறுதியில் ஓர் ஆணை போட்டார்கள்: தெருவிளக்கு மேல்நோக்கி ஒளி வீசக்கூடாது, நிறம் 3000 கெல்வினுக்கு மேல் போகக்கூடாது, கடை மூடிய பிறகு ஜன்னல் விளக்கை அணைத்துவிட வேண்டும். அங்கே தெருக்கள் இருண்டுவிடவில்லை. நம் நாட்டிலேயே லடாக்கில் ஹன்லே என்ற இடத்தை 2022இல் இருள் வான் காப்பகமாக அறிவித்தார்கள். அங்கே பெரிய தொலைநோக்கி மையம் இருக்கிறது. சுற்றியுள்ள கிராமத்தார் 24 பேருக்குப் பயிற்சி கொடுத்து, ஆளுக்கொரு எட்டு இஞ்ச் டாப்சோனியன் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் இருக்கிற அதே அளவு. வருகிற பயணிகளுக்கு அவர்கள் வானம் காட்டிச் சம்பாதிக்கிறார்கள், வீட்டு விளக்குகளுக்கு மூடி போட்டுக்கொள்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் பெஞ்ச் புலிகள் காப்பகத்துக்கு 2024 ஜனவரியில் இருள் வான் பூங்கா என்ற அங்கீகாரம் கிடைத்தது. தமிழ்நாட்டிலும் கொல்லிமலையில் ஒன்று அமைப்பதாக அரசு அறிவித்திருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் மதுரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கொல்லிமலை போய்ப் பால்வீதி பார்க்க ஒரு ராத்திரி, ஒரு பஸ், ஒரு ஆசிரியர், வீட்டு அனுமதி எல்லாம் வேண்டும். பத்தில் ஒருவர் போவார்.

மேலூர் பக்கத்தில் நமக்கு அரிட்டாபட்டி இருக்கிறது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். ஏழு குன்றுகள், சுனைகள், லகர் ராஜாளி, தேவாங்கு, எறும்புதின்னி. சுரங்கத்திலிருந்து அதைக் காப்பாற்ற சுற்றியுள்ள ஊர்கள் எப்படித் திரண்டன என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தேவாங்கும் எறும்புதின்னியும் இரவில் நடமாடுகிறவை. அவற்றுக்கு மலை எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இருட்டும் வேண்டும். அந்தக் குன்றுகளைச் சுற்றிய ஊர்களின் விளக்குகளைத் தரை பார்க்கத் திருப்பி, மஞ்சள் நிறத்துக்கு மாற்றி வைத்தால், காட்டுக்குள் கால் வைக்காமலே, ஊர் ஓரத்துக் களத்தில் நின்று பிள்ளைகள் வானம் பார்க்கலாம். அங்கிருந்து மதுரை தென்மேற்கில் இருக்கிறது. கிழக்கும் நேர் தெற்கும் இன்னும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. முடிவு அந்த ஊர்க்காரர்களுடையது. ஊராட்சிகள் கூடி, வனத்துறையைக் கேட்டு, விரும்பினால் செய்யட்டும். விரும்பினால் விளக்கைத் திருப்பிக் கொடுக்க என்னைப் போன்ற நாலு வயரிங்காரர்கள் வருவோம்.

அதைவிட அவசரமானது மனை அங்கீகாரம். ஒரு மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போது ரோடு எத்தனை அடி, பூங்காவுக்கு எவ்வளவு இடம், மழைநீர் எங்கே போகும் என்றெல்லாம் கேட்கிறார்கள். விளக்கு பற்றியும் இரண்டு வரி சேர்த்துவிட்டால் போதும்: முகம் தரையைப் பார்க்க வேண்டும், 3000 கெல்வினுக்கு மேல் கூடாது, குடியேறாத மனைகளில் இரவு பதினொன்றுக்கு மேல் எரியக்கூடாது. இன்று நடுகிற கம்பம் இன்னும் பத்துப் பதினைந்து வருடம் நிற்கும். இப்போது சரியாக மாட்டுவதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. நட்டு முடித்த பிறகு ஒவ்வொன்றாக ஏறித் திருப்புவதற்கு ஆள் கூலி, வண்டி, அனுமதி எல்லாம் ஆகும். இதையே மனுவாக எழுதி ஓர் அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கிப் படித்த அலுவலர், விளக்கு வேண்டும் என்றுதான் இதுவரை மனு வந்திருக்கிறது, விளக்கைத் திருப்புங்கள் என்று வந்ததில்லை, இதை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று உண்மையாகவே குழம்பினார். பதில் வரவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நான்கு பேர் சேர்ந்து எழுதினால் அதற்கு ஒரு பிரிவு உண்டாகும் என்று நம்புகிறேன்.

2024 அக்டோபர் முதல் வாரம் ஒரு வால்நட்சத்திரம் வந்தது. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிழக்கில், தாழ்வாக. மகளை எழுப்பி மாடிக்குக் கூட்டிப் போனேன், அப்பா என்னை எழுப்பின மாதிரியே. கிழக்கே அந்த 24 விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. வெறும் கண்ணால் தேடினாள், கிடைக்கவில்லை. பைனாகுலரில் காட்டினேன். சின்னதாக, சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று. "அப்பா, நீங்க பார்த்த ஹாலியும் இவ்வளவுதானா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். ஹாலி 2061இல் திரும்ப வரும். அப்போது அவளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும், என் வயதைவிடக் கொஞ்சம் கூட.

கடிதம் எழுதிய அந்த அப்பாவை நான் நேரில் பார்க்க விரும்புகிறேன். அவர் மகள் இறங்குகிற பஸ் ஸ்டாப்பில் விளக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு ராத்திரி அவரோடு நின்று பார்த்து, வேண்டிய இடத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி, உறுப்பினரிடம் அனுமதி வாங்கி, நானே திருப்பித் தருகிறேன். கூலி வேண்டாம். ஊமச்சிகுளம் பஸ் ஸ்டாப் டீக்கடையில் தொலைநோக்கி வைத்திருக்கிற வயரிங்காரர் என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். மற்ற தெருக்காரர்கள் கேட்டாலும் வருவேன். ஞாயிற்றுக்கிழமை வேலை குறைவு, அன்றைக்கு ஏணி சும்மாதான் கிடக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஊமச்சிகுளம், மதுரை.